மலை மேலே டெலிவிஷன்!
கரியாலூரில் வேனில் தங்கிய குடும்பத்தின் அனுபவம்

"மலைக்கு வரேன். ஆனா ராத்திரி சீரியல் பாக்கணும். அதுக்கு வழி உண்டாடா?"

இப்படிக் கேட்டவர் என் தாயார். வயது 70.

நாங்கள் கரியாலூருக்குப் புறப்பட்ட நேரம் அது. கள்ளக்குறிச்சியில் இருந்து கச்சிராயப்பாளையம் போய், கல்வராயன் மலை மீது ஏற வேண்டும். மேலே, வெள்ளிமலைப் பக்கத்தில் இருக்கிறது கரியாலூர். குளிர்ந்த ஊர். படகு விடுகிறார்கள். குழந்தைகளுக்குப் பூங்கா உண்டு.

நாங்கள் போனது பழைய டீசல் வேனில். பின்பக்கம் இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் படுக்கை போட்டிருந்தோம். சமைக்க அடுப்பு, காற்றுக்கு ஒரு சிறு மின்விசிறி. "கேரவன்" என்றால் நமக்கு நினைவுக்கு வருவது சினிமா நடிகர்களின் வண்டிதான். ஆனால் அமெரிக்காவில் சாதாரணக் குடும்பங்கள் இப்படி வீட்டு வண்டியில் ஊர் சுற்றுவது பழைய வழக்கம். பக்கத்தில் கேரளத்தில், 2021-ம் ஆண்டு அரசே இதற்கென்று ஒரு திட்டம் கொண்டு வந்தது.

ஒரு விஷயம். காட்டுக்குள் இஷ்டம்போல் வண்டியை நிறுத்தித் தங்க முடியாது. வனத்துறை அனுமதி வேண்டும். நாங்கள் ஊரை ஒட்டி, ஒரு வீட்டுக்காரரிடம் கேட்டு, அவர் களத்து ஓரமாக வேனை நிறுத்தினோம்.

முதல் ராத்திரி

"செல்போன் இருக்கும்போது டி.வி. எதற்கு?" என்று நினைத்துப் போனேன். அது தப்பு. மலையில் செல்போன் அலை ஒரு வளைவில் கிடைக்கும். அடுத்த வளைவில் போய்விடும். சீரியல் அரை நிமிடம் ஓடும். பிறகு வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும். அம்மா போனை என்னிடமே கொடுத்துவிட்டார்.

கைவசம் வீட்டு டி.வி. இருந்தது. ஒரு சிறு இன்வெர்ட்டரும் இருந்தது. இரண்டையும் வேன் பேட்டரியில் மாட்டினேன். பென் டிரைவில் பழைய படங்கள். குழந்தைகளுக்கு ஒரே குஷி! படம் பார்த்தபடியே தூங்கிப் போனார்கள். நானும் தூங்கிவிட்டேன். டி.வி.யும் ஓடியது, விசிறியும் ஓடியது.

விடியற்காலை 5 மணி. சின்னவன் முனகினான். தொட்டால் நெருப்பாகக் கொதித்தது உடம்பு.

உடனே கீழே இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சாவியைத் திருப்பினேன். "டக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கவில்லை. மறுபடி திருப்பினேன். அந்தச் சத்தமும் இல்லை.

சுற்றிலும் இருட்டு. பனி. போனில் அலை இல்லை. மனைவி பையனை மடியில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

வீட்டுக்காரர் விளக்கோடு வந்தார். பக்கத்து வீடுகளில் இருந்து ஐந்தாறு பேரைக் கூட்டி வந்தார். சரிவில் வேனைத் தள்ளினார்கள். இரண்டாவது கியரில் கிளட்சை விட்டேன். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது!

கிளம்பும்போது அவர் சொன்னார்: "வண்டி கெளம்ப வச்ச கரண்டை, படம் பாக்க செலவு பண்ணிட்டீங்களே, சார்!"

கள்ளக்குறிச்சியில் டாக்டர் பார்த்தார். சாதாரணக் காய்ச்சல்தான். மருந்து கொடுத்தார். பையன் மறுநாளே ஓடி விளையாடினான். (எல்லா வண்டியும் இப்படித் தள்ளினால் கிளம்பிவிடாது. பல புது வண்டிகள் கிளம்பவே கிளம்பாது.)

கணக்குப் பார்ப்போம்

பிறகு ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் காகிதத்தில் போட்டுக் காட்டிய கணக்கு இதுதான்.

வீட்டு டி.வி., விசிறி, இன்வெர்ட்டர் தின்பது எல்லாம் சேர்ந்து 100 வாட். ராத்திரி 8 மணி முதல் காலை 5 மணி வரை 9 மணி நேரம். ஆக 900 வாட்-மணி. அதை 12 வோல்ட்டால் வகுத்தால் 75. என் வேன் பேட்டரியோ 70 ஆம்பியர்-மணி! அது எப்படித் தாங்கும்?

வண்டியின் பேட்டரி செய்யப்பட்டது வேறு வேலைக்கு. சில வினாடி நேரம் பலமாக உதைத்து எஞ்சினைக் கிளப்புவதே அதன் வேலை. மெல்ல மெல்ல ராத்திரி முழுவதும் கறந்தால் சீக்கிரம் கெட்டுப்போகும்.

வழி என்ன? இரண்டாவது பேட்டரி. டி.வி.க்கும் விளக்குக்கும் அது தனி. வண்டி ஓடும்போது இரண்டும் சார்ஜ் ஆகும். வண்டி நின்றதும் ஒன்றை ஒன்று தொடாதபடி நடுவில் ஒரு சாதனம் பிரித்துவிடும். வீட்டில் இன்வெர்ட்டருக்கு வைக்கும் பேட்டரி வகை இதற்கு ஏற்றது. ஆனால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது.

டி.வி.யையும் மாற்றினேன். 12 வோல்ட்டில் நேராக ஓடும் 24 அங்குல டி.வி. அதுவும் பெட்டியும் சேர்ந்து 35 வாட்தான். தினம் 3 மணி நேரம் பார்த்தால் 9 ஆம்பியர்-மணி போகும். 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி என்றால் ஐந்து நாள் மாலை பார்க்கலாம். டி.வி.யை மட்டும் சொல்கிறேன். விசிறி, விளக்குக்கு வேறு கணக்கு.

படம் எங்கிருந்து வரும்?

அந்தக் காலத்து மீன் முள் ஆண்டெனா நினைவிருக்கிறதா? சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியது 1975 ஆகஸ்டு 15-ந் தேதி. 1980-களில் கடலோர ஊர்களில் உயரமான கம்பம் நட்டு, இலங்கை ரூபவாஹினியைக் கூடப் பார்த்தார்கள். அமெரிக்காவில் இன்றும் வீட்டு வண்டிக்காரர்கள் கூரை மேல் ஆண்டெனாவைத் தூக்கி, அந்தந்த ஊர் நிலையங்களை இலவசமாகப் பார்க்கிறார்கள். இங்கே அது நடக்காது. தூர்தர்ஷன் தன் பழைய தரைவழி டிரான்ஸ்மிட்டர்களில் பெரும்பாலானவற்றை 2022-க்குள் மூடிவிட்டது.

மீதி இருப்பது வானம். 36 ஆயிரம் கிலோ மீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள் இருக்கிறது. பூமி சுற்றும் வேகத்திலேயே அதுவும் சுற்றுவதால், நமக்கு ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். தூர்தர்ஷனின் "டி.டி. ஃப்ரீ டிஷ்" 2004 டிசம்பரில் வேறு பெயரில் தொடங்கியது. ஒரு முறை தட்டும் பெட்டியும் வாங்கினால் போதும். மாதச் சந்தா இல்லை. இப்போது அது வருவது ஜிசாட்-15 என்ற கோளில் இருந்து.

"மலை மறைக்காதா?" என்று கேட்பீர்கள். மறைக்காது! அடிவானம் 0 பாகை, உச்சந்தலைக்கு நேர் மேல் 90 பாகை என்றால், கரியாலூரில் இந்தக் கோள் நிற்பது சுமார் 68 பாகை உயரத்தில். தென்கிழக்குத் திசை. எந்த மலையும் அவ்வளவு உயரம் எழுந்து மறைக்காது. மறைப்பது மரம்தான். நிழலுக்காக மரத்தடியில் வேனை நிறுத்தினால் படம் வராது.

இடம் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் காலை 11 மணிக்குச் சூரியன் எங்கே நிற்கிறதோ, ஏறக்குறைய அங்கேதான் கோள் நிற்கிறது. (அந்த நாட்களில் சூரியனும் கோளும் ஒரே நேரில் வரும். அப்போது சில நிமிடம் படம் கெடலாம். பெட்டியைத் தட்டாதீர்கள்!) தட்டைப் பார்த்தால் பாதி சாய்ந்தாற்போல்தான் தெரியும். அதன் வளைவு அப்படி. கோளைச் சரியாகவே பார்க்கும். ஊர் வீடுகளின் கூரையில் உள்ள தட்டுகளையும் பார்த்து வையுங்கள். திசை ஓரளவு பிடிபடும்.

அம்மாவின் சீரியல்

இலவசத் தட்டில் தூர்தர்ஷன் தமிழ் வரும். அம்மா கேட்ட தனியார் சானல் அதில் இல்லை. அதற்குச் சந்தா கட்டும் தட்டு வேண்டும். வீட்டில் அது இருந்தால் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போகலாம். சந்தா தீராமல் இருக்க வேண்டும். தட்டை அந்தக் கம்பெனியின் கோளுக்குத் திருப்ப வேண்டும். கேபிள் இணைப்புக்காரர்களுக்கு இந்த வசதி கிடையாது. அவர்கள் புறப்படுமுன் வீட்டிலேயே சீரியலைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். அதற்குச் சில செயலிகள் இடம் கொடுக்கின்றன.

நாங்கள் பெட்டியைக் கழற்றினோம். ஊரில் தங்கிவிட்ட என் தம்பிக்குத்தான் மூன்று நாள் கோபம்.

இரண்டாம் முறை அதே களம். தட்டைத் திருப்ப முக்கால் மணி நேரம் பிடித்தது. வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார், பையன் "வந்துடுச்சு, போயிடுச்சு" என்று உள்ளே இருந்து கத்தினான். சரியாகச் சீரியல் நேரத்துக்குப் படம் நின்றது. வீட்டுக்காரரின் தாயாரும் வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார்.

பத்து நிமிடம் ஆகியிருக்கும். பெரிய மழை பிடித்தது. படம் கட்டம் கட்டமாக உடைந்து போய்விட்டது. கனத்த மழை இந்த அலையை விழுங்கிவிடும். தட்டை எவ்வளவு திருப்பினாலும் பயன் இல்லை. மழை விடும்வரை காத்திருக்க வேண்டும்.

இரண்டு மூதாட்டிகளும் பேச ஆரம்பித்தார்கள். ரோடு இல்லாத நாளில் தலைச்சுமையோடு மலை இறங்கிச் சந்தைக்குப் போன கதையை அந்த அம்மாள் சொன்னார். அரை மணி நேரம் கழித்து மழை குறைந்தது. படம் வந்தது. சீரியல் நாயகி வீறிட்டு அழுதாள்.

அம்மா என் பக்கம் திரும்பினார்.

"சத்தத்தைக் குறைடா. இந்தம்மா சொல்றது காதுல விழலை."