நீர் புகாத தையல்

வசந்த காலத்தில் ஆர்க்டிக் கடல்பனி உருகத் தொடங்கும். சீல் தோல் காலணியை மாட்டிக்கொண்டு அந்த ஈரத்தில் நாளெல்லாம் நடப்பார் இனுயிட் வேட்டைக்காரர். உள்ளே நீர் கசியாது. ஊசி இறங்கிய இடமெல்லாம் துளைதானே, அப்புறம் எப்படி?

ஊசியைப் பெண்கள் முழுதாக இறக்கவில்லை என்பதுதான் விடை. முதல் வரிசைத் தையல் ஒரு தோலைத் துளைத்து, அடுத்த தோலின் பாதிப் பருமனோடு நின்றுவிடும். பிறகு மறுபக்கத்திலிருந்து இன்னொரு வரிசை, அதே கணக்கில். இரண்டு தோல்களையும் ஊடுருவும் துளை எங்குமே இருக்காது. நூலாகப் பயன்பட்டது கரிபூ மானின் முதுகுத் தசைநாண். காயவைத்து இழை இழையாகப் பிரித்த அது, ஈரம் பட்டதும் ஊதி, ஊசித் தடத்தையும் அடைத்துவிடும். இனுயிட் என்றால் பனிவீடுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். எனக்கு இந்தத் தையல் அதைவிடப் பெரிய அதிசயம்.

குளிர்கால உடைக்கு ஏற்றது கரிபூ தோல். அதன் ஒவ்வொரு மயிரின் உள்ளும் காற்றறைகள் உண்டு. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆனால் எந்தப் பருவத் தோலும் உதவாது. கோடைத் தொடக்கத்தில் ஒட்டுண்ணி ஈக்களின் புழுக்கள் தோலைச் சல்லடையாக்கியிருக்கும். நடுக்குளிர்கால மயிரோ தடித்து, எளிதில் உதிரும். கோடை முடிவில், துளைகள் ஆறி, புதுமயிர் அளவாக வளர்ந்திருக்கும் சில வாரங்களே சரியான காலம்.

கடுங்குளிரில் இரண்டு அடுக்கு அணிவார்கள்: உள்ளாடையின் மயிர் உடலை நோக்கி, மேலாடையின் மயிர் வெளியே. இரண்டும் தளர்வானவை. அங்கே குளிருக்கு நிகரான ஆபத்து வியர்வை. நனைந்த உடை உறைந்தால் உயிருக்கே கேடு. முன்பக்கத் திறப்பு இல்லாததால் காற்று உள்ளே பாயாது. உடல் சூடேறினால் முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளினால் போதும், வெப்பக் காற்று கழுத்து வழியே வெளியேறிவிடும்.

இந்த அறிவு பழையது. 1972இல் மேற்கு கிரீன்லாந்தின் கிலாகிட்சோக்கில், 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆறு பெண்கள், இரண்டு குழந்தைகளின் உடல்கள் கெடாமல் கிடைத்தன. உடன் 78 ஆடைகள்! அவற்றில் பறவைத் தோலால் ஆன உள்ளாடைகளும் இருந்தன, இறகு உடலைத் தொடும்படி.

நார்வேயின் ரோவால்ட் அமுண்ட்சென் 1903 முதல் 1905 வரை கிங் வில்லியம் தீவில் தங்கி, நெட்சிலிக் இனுயிட்டுகளிடம் தோலாடையின் நுட்பத்தைக் கற்றார். 1911 டிசம்பர் 14 அன்று தென்துருவத்தை அடைந்த அவரது குழு தோலாடைகளைக் கொண்டுபோயிருந்தது. அந்த வெற்றியில் ஊசி பிடித்த பெண்களுக்கும் பங்கு உண்டென்று பாடநூல்கள் எழுத வேண்டும்.

அவர்களின் உச்சப் படைப்பு 'அமௌட்டி' என்ற தாய்மார் உடை. முதுகுப் பையில் குழந்தை தாயின் உடற்சூட்டிலேயே இருக்கும். பெரிய முக்காடு இருவரையும் மூடும். தோள்பகுதி அகலமானது என்பதால், குழந்தையைக் குளிரில் வெளியே எடுக்காமலே முன்புறம் நகர்த்திப் பாலூட்டலாம். கனடாவின் இனுயிட் பெண்கள் அமைப்பான பவுக்டூட்டிட், இவ்வடிவமைப்பை வணிக நிறுவனங்கள் அபகரிக்காமல் காக்க முயன்றது. அதற்குச் சட்டத்தில் நேர்வழி இல்லை: காப்புரிமைக்குக் கண்டுபிடித்தவர் ஒருவரைக் காட்ட வேண்டும், அமௌட்டியோ தலைமுறை தலைமுறையாகத் தாயிடமிருந்து மகள் கற்ற பொதுச்சொத்து.