மூடிய வழி, பழுதான வழி

சென்னையின் கொடுங்கையூர் வழியாகத் துறைமுகம் போகும் கண்டெய்னருக்குள் என்ன இருக்கிறது என்று சாலைக்குத் தெரிய வேண்டியதில்லை. பெட்டியின் மேல் உள்ள முகவரி போதும். கணினி வலையமைப்பின் 'டன்னல்' மென்பொருளும் ஒரு தரவுப் பொட்டலத்தை இன்னொன்றுக்குள் வைத்து, மேலே புது முகவரி எழுதி அனுப்புகிறது. அந்த முகவரி 32 பிட் கொண்ட ஐபிவி4 ஆகவோ, 128 பிட் கொண்ட ஐபிவி6 ஆகவோ இருக்கலாம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலில் உள்ள விஎக்ஸ்லேன், ஜெனீவ் டன்னல்களுக்கு, ஒவ்வொரு பொட்டலத்துக்கும் போகுமிடத்தை அந்தந்த நேரத்தில் வெளியிலிருந்து சொல்லும் முறையும் உண்டு. எந்த வகை முகவரி வரும் என்று முன்கூட்டித் தெரியாததால், டன்னல் இரண்டுக்கும் சாக்கெட், அதாவது தரவு வந்துபோகும் வாசல், திறந்து வைக்கப் பார்க்கும்.

சிக்கல் அங்கேதான் வந்தது. ஐபிவி6 கர்னலுக்குள் சேர்க்கப்பட்டிருந்தும், நிர்வாகி அதைக் கணினி தொடங்கும்போதே முடக்கியிருக்கலாம். 'ஐபிவி6 சேர்க்கப்பட்டிருக்கிறதா' என்ற சோதனை கம்பைல் செய்யும்போதே முடிந்துவிடுகிறது. ஓடும்போது அது முடங்கிக் கிடப்பது அந்தச் சோதனைக்குத் தெரியாது. சாக்கெட் திறக்கப் போனால் 'இந்த முகவரி வகைக்கு ஆதரவில்லை' என்ற பிழை, லினக்ஸில் எண் 97, திரும்பி வரும். உடனே டன்னல் முழுதும் எழ மறுத்தது. நன்றாக இருந்த ஐபிவி4 வழியும் வீணாயிற்று. இந்தப் பிழை வந்தாலும் ஐபிவி4 வழியோடு டன்னல் எழும்படி, விஎக்ஸ்லேனில் 2017-லும் ஜெனீவில் 2019-லும் இது திருத்தப்பட்டது.

ஐபிவி6-ஐ முடக்காமல் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். ஐபிவி4-க்கு மட்டும் ஃபயர்வால் விதிகள் எழுதியிருக்கும் இடத்தில் மற்றதை முடக்குவது நியாயமான முடிவு. அதற்காக மென்பொருள் தண்டிக்கக் கூடாது. பிழையைக் கண்டும் காணாமல் விடுவது ஆபத்து என்பதுதான் வலுவான ஆட்சேபம். அதற்கான பதில் திருத்தத்திலேயே இருக்கிறது. பொறுத்துக்கொள்ளப்படுவது 97 ஒன்று மட்டும். நினைவகம் போதவில்லை, போர்ட் ஏற்கெனவே பிடிக்கப்பட்டிருக்கிறது போன்ற பிழைகள் வந்தால் டன்னல் முன்போலவே நின்றுவிடும். ஐபிவி6 முகவரியைக் குறிப்பிட்டே டன்னல் கேட்டவருக்கும் தோல்விதான் கிடைக்கும்; அவர் கேட்டது கிடைக்கவில்லை என்பதை அவருக்குச் சொல்லியாக வேண்டும். இரண்டில் எது வந்தாலும் சரி என்று கேட்டவருக்கே சலுகை. வேண்டுமென்றே மூடியதையும் பழுதாகிப்போனதையும் இவ்வளவு துல்லியமாகப் பிரித்ததுதான் இந்தத் திருத்தத்தின் சிறப்பு. வலையமைப்பு நிரல் எழுதுகிறவர்கள், வெளியிடும் முன் ஐபிவி6 முடக்கிய கணினியிலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.