வீட்டு வெள்ளி – 6: கவிழ்த்துப் பாருங்கள்

சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்பு, குங்குமச் சிமிழ், பாலாடை என்று ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் சீராக வந்த வெள்ளிச் சாமான் எத்தனையோ வீட்டுப் பீரோக்களில் தலைமுறையாக இருக்கிறது. வெள்ளி விலை ஏறினால் அது கடைக்குக் கிளம்பிவிடுகிறது. கடைக்காரர் எடை போடுவார், டச் பார்ப்பார், கழிவு போக ஒரு தொகை சொல்வார். உருக்கப் போகிற சாமானை யார் செய்தார், எப்போது செய்தார் என்பது அவருக்குத் தேவையில்லை. நமக்குத் தேவை. அதனால் பையில் போடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் கவிழ்த்து, வெளிச்சத்தில் சாய்த்து, லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

நம் பக்கத்துச் சாமானில் பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர். அது உடைமைக்காரர் பெயர், செய்தவருடையது அல்ல. உள்ளூர்ப் பத்தர்கள் தங்கள் முத்திரையைக் குத்தும் வழக்கம் அரிது. இங்கிலாந்தில் இருந்ததுபோல் சோதித்து முத்திரையிடும் அரசு ஏற்பாடும் ஆங்கிலேயர் காலத்து இந்தியாவில் இல்லை. ஆகவே முத்திரை இல்லை என்பதால் வெள்ளி இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. அந்தக் காலத்தில் பத்தரிடம் கொடுத்த வெள்ளி பல நேரம் ரூபாய் நாணயம்தான். 1835 முதல் அச்சான கம்பெனி ரூபாயும் பிறகு வந்த ராணித் தலை ரூபாயும் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம், அதில் 12 பங்கில் 11 பங்கு வெள்ளி. 1940இல்தான் அது பாதியாகக் குறைந்தது. நல்ல நாணயத்தை உருக்கிச் செய்த பழைய கிண்ணம், பற்றவைப்பைத் தவிர்த்துப் பார்த்தால், 91 டச்சுக்குக் குறையாமல் நிற்க வேண்டும். முத்திரையில்லாச் சாமானுக்கு அடிமாட்டு விலை சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கம்பெனிச் சாமான் கதை வேறு. சென்னை மவுண்ட் ரோட்டில் கடை வைத்திருந்த பி. ஓர் அண்ட் சன்ஸை நம்மவர்கள் கடிகாரத்துக்காக அறிவார்கள். தெய்வ உருவங்களைப் புடைப்பாக எழுப்பிய ‘சுவாமி’ வேலைப்பாட்டு வெள்ளிக்கும் அது பேர்போனது. அடியில் அந்தப் பெயர் ஆங்கில எழுத்தில் குத்தியிருந்தால், அந்தச் சாமானை எடைக்கு விற்பது மகா பாவம். கல்கத்தா ஹாமில்டன் கம்பெனி யானை உருவம் குத்தும். கட்ச் பகுதியின் பூஜ் நகரத்து ஊமர்சி மாவ்ஜி, ‘ஓ.எம்.’ என்ற இரண்டே எழுத்து. சேகரிப்பவர்கள் இந்தப் பெயர்களைத் தேடி அலைகிறார்கள்.

பலர் ஏமாறுவது டீ செட்டில். அடியில் வரிசையாக நான்கு சிறு கட்டங்கள், கட்டத்துக்கு ஓர் எழுத்து. பார்த்தால் சீமை முத்திரை மாதிரியே இருக்கும். ஆனால் எழுத்துகள் ஈ.பி.என்.எஸ். என்றிருந்தால் அது முலாம். உள்ளே இருப்பது செம்பும் துத்தநாகமும் நிக்கலும் கலந்த ஜெர்மன் சில்வர். அதில் வெள்ளி துளியும் கிடையாது. பர்மிங்ஹாமின் எல்கிங்டன் கம்பெனி 1840இல் மின்முலாம் பூசக் காப்புரிமை பெற்ற பிறகு இந்த வகை உலகெங்கும் பரவியது. பக்கத்தில் ‘ஏ1’ என்றிருந்தால் முலாம் கனமானது என்று பொருள். தரமான வெள்ளி என்று அல்ல.

அசல் இங்கிலாந்து வெள்ளியில் நடக்கும் சிங்கம் இருக்கும். அது 92.5 சதவீத வெள்ளிக்கு அடையாளம். கூடவே ஊர்க்குறி: பர்மிங்ஹாமுக்கு நங்கூரம், லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, ஷெஃபீல்டுக்கு 1974 வரை கிரீடம். ஆண்டைச் சொல்ல ஓர் எழுத்தும், செய்தவரின் தலைப்பெழுத்தும் இருக்கும். கிரீடத்தை மட்டும் கண்டு துள்ள வேண்டாம். முலாம் கம்பெனிகளும் அதைக் குத்தியிருக்கின்றன. சிங்கத்தைத் தேடுங்கள்.

கறுத்துப்போவதை வைத்தும் முடிவு செய்ய முடியாது. முலாமும் வெள்ளிதானே, அதுவும் கறுக்கும். விளிம்பு, கூஜா மூக்கு, கைப்பிடி போன்ற தேய்ந்த இடங்களைப் பாருங்கள். அங்கே சிவப்போ மஞ்சளோ எட்டிப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்தது. கடையில் இருக்கும் டச் மெஷின் மேற்பரப்பைத்தான் படிக்கும். கனமான முலாம் அதையும் ஏமாற்றிவிடும்.

பளபளப்புக்காகச் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்ப்பதை இன்றே நிறுத்துங்கள். ஐம்பது ஆண்டுத் தேய்ப்பில் முத்திரை வழித்தெடுத்ததுபோல் போய்விடும். நன்றாகச் சலித்த விபூதியை மெல்லிய துணியில் தொட்டு, எழுத்துள்ள இடத்தை விட்டுத் துடைத்தால் போதும்.

இப்போது வாங்கும் வெள்ளிக்கு பி.ஐ.எஸ். முத்திரை இருக்கிறது. 2005இல் தொடங்கிய அந்த ஏற்பாட்டில், 2025 செப்டம்பர் முதல் ஆறு இலக்க அடையாளக் குறியும் சேர்ந்தது. கேட்டு வாங்குங்கள்.

பழையதற்கு அப்படியொரு பதிவேடு எங்கும் இல்லை. நாம்தான் எழுத வேண்டும். ஆடிப்பூரத் தேருக்கு உறவெல்லாம் கூடும் நாளில் பீரோவைத் திறவுங்கள். ஒவ்வொரு சாமானின் அடிப்பக்கத்தையும் படம் எடுங்கள். புள்ளியில் வெட்டிய பெயர் யாருடையது, எந்தக் கல்யாணத்துச் சீர் என்று அப்பத்தாவிடம் கேட்டு, படத்தோடு எழுதி வையுங்கள். அதற்குப் பிறகு விற்பதும் வைத்துக்கொள்வதும் உங்கள் விருப்பம்.

அடுத்த வாரம்: கொலுசும் அரைஞாணும்.