கண்காணிப்புக் கேமராவின் கலைச்சொற்கள்: பொருளும் கணக்கும்

பெங்களூரு மல்லேஸ்வரத்தில் 2013 ஏப்ரல் 17 அன்று, பாரதீய ஜனதா கட்சியின் மாநில அலுவலகத்திற்கு அருகே நிறுத்தப்பட்டிருந்த மோட்டார் சைக்கிளில் குண்டு வெடித்துப் பலர் காயமுற்றனர். இத்தகைய நிகழ்ச்சிகளில் புலனாய்வாளர் முதலில் நாடுவது அக்கம்பக்கத்துக் கேமராப் பதிவுகளையே. கர்நாடகத்தில் 2017-ல் இயற்றப்பட்ட பொதுப் பாதுகாப்புச் சட்டம், மக்கள் பெருமளவில் கூடும் நிறுவனங்கள் கேமரா பொருத்திப் பதிவுகளை 30 நாட்கள் பாதுகாக்க வேண்டும் என விதித்தது. ஒரே வரியில் அடங்கும் இக்கட்டளை நடைமுறையில் நிறைவேறுவதும் நிறைவேறாமற் போவதும் சில கலைச்சொற்களைப் பொறுத்தது. டெண்டர் ஆவணத்தில் கையொப்பமிடும் அதிகாரி இவற்றை விற்பனையாளரிடமிருந்து கற்றுக்கொள்ளும் நிலை விரும்பத்தக்கதன்று.

பழைய முறையில் கேமரா மின்னலைகளை மட்டுமே அனுப்பியது. பதிவுக்கருவியே அவற்றைச் சேமித்தது. ஸ்வீடனின் ஆக்ஸிஸ் நிறுவனம் 1996-ல் வெளியிட்ட வலையமைப்புக் கேமரா, படத்தைத் தன்னுள்ளேயே எண்வடிவாக்கி, கணினிகளைப் போன்று தனக்கென ஒரு ஐ.பி. முகவரியுடன் அனுப்பியது. இன்று ஒரே கம்பி படத்தையும் மின்சாரத்தையும் சுமக்கிறது. ஆயின் அதன் நீளம் 100 மீட்டரைத் தாண்டலாகாது. இப்படங்களைப் பெற்றுச் சேமிக்கும் கருவியே என்.வி.ஆர்.

பெரிதும் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் சொல் ‘பிக்சல்’, அதாவது படப்புள்ளி. ‘ஃபுல் எச்.டி.’ கேமராவின் படம் அகலவாட்டில் 1,920 புள்ளிகள் கொண்டது. முன்பின் அறியாத ஒருவரை ஐயமின்றி அடையாளம் காண மீட்டருக்கு 250 புள்ளிகளும், அறிந்தவரை இன்னாரெனத் தெரிந்துகொள்ள 125 புள்ளிகளும் தேவை என 2014-ஆம் ஆண்டின் சர்வதேசத் தரக்குறிப்பு வகுத்தது. எனவே இக்கேமரா முகத்தை அடையாளங்காட்டக் கூடிய அகலம் ஏறத்தாழ 7.7 மீட்டரே. மல்லேஸ்வரம் எட்டாவது குறுக்குத் தெருக் கடைவீதியில் 20 மீட்டர் அகலத்தை ஒரே கேமராவில் அடக்க முயன்றால் மீட்டருக்கு 96 புள்ளிகளே கிட்டும். கூட்டம் தெரியும், ஆள் தெரியாது.

அடுத்தது ‘பிட்ரேட்’. ஒரு விநாடியில் கேமரா அனுப்பும் தரவின் அளவு இது. விநாடிக்கு 4 மெகாபிட் எனக் கொண்டால் நாளொன்றுக்கு 43.2 ஜிகாபைட், 30 நாட்களுக்கு ஏறத்தாழ 1.3 டெராபைட் ஆகும். எட்டுக் கேமராக்கள் உள்ள கடைக்குப் பத்து டெராபைட்டுக்கும் மேல் வேண்டும். அங்கே நான்கு டெராபைட் வட்டு பொருத்தப்பட்டால், பன்னிரண்டாம் நாளுக்குள் பழைய பதிவின் மீது புதியது எழுதப்பட்டுவிடும். கருவி எச்சரிக்கை மணி எதுவும் அடிப்பதில்லை. பதினைந்தாம் நாள் புகார் கொடுக்க வருபவருக்குச் சான்று இராது, சட்டமும் மீறப்பட்டிருக்கும். காவல் நிலையங்களைப் பொறுத்தவரை உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில், பரம்வீர் சிங் சைனி வழக்கில், 18 மாதச் சேமிப்பை வலியுறுத்தியது. அதற்குக் கேமரா ஒன்றுக்கு ஏறத்தாழ 23 டெராபைட் தேவைப்படும்.

செலவைக் குறைக்க உதவுவது ‘கம்ப்ரஷன்’ எனும் தரவுச் சுருக்கம். 2013-ல் தரப்படுத்தப்பட்ட எச்.265 முறை, முந்தைய எச்.264 முறையினும் ஏறத்தாழப் பாதி அளவில் ஒத்த தரத்தைத் தர வல்லது. எனினும் இம்முறைகள் அசையாத பகுதிகளை மீண்டும் மீண்டும் அனுப்பாமல்தான் இடத்தை மிச்சப்படுத்துகின்றன. கார்த்திகையில் காடு மல்லேஸ்வரர் கோயிலருகே நிலக்கடலைத் திருவிழாக் கூட்டம் அலைமோதும்போது அந்த மிச்சம் சுருங்கிவிடும். வெறிச்சோடிய தெருவை வைத்துப் போட்ட கணக்கு அன்று உதவாது.

கேமராக்களின் கடிகாரங்களை ஒருமைப்படுத்தும் ‘என்.டி.பி.’ ஆவணங்களில் அடிக்குறிப்பாகவே இடம்பெறுகிறது. இரு கேமராக்களிடையே நான்கு நிமிட வேறுபாடு இருப்பின், ஒரே வாகனம் திருடு நடக்குமுன்னரே தப்பியோடியதாகப் பதிவாகலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கோருகிறது. அதில் ‘ஹாஷ்’ மதிப்பும் குறிக்கப்பட வேண்டும். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் இவ்வெண்தொடர், கோப்பில் ஒரு பிட் மாறினாலும் வேறாகிவிடும்.

கடைசியாக, ‘டிஃபால்ட் பாஸ்வேர்ட்’. ஆலையிலிருந்து வரும் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களை 2016-ல் ‘மிராய்’ எனும் தீநிரல் உலகெங்கும் கைப்பற்றி, அவற்றைக் கொண்டே பெரும் இணையத் தாக்குதல்களை நடத்தியது. இந்தியாவில் விற்கப்படும் கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டுமென்ற மத்திய அரசின் விதி 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னரே சுவரில் ஏறிவிட்ட கேமராக்களின் கடவுச்சொல்லை மாற்றுவது அவற்றைப் பராமரிப்போரின் பொறுப்பாகும்.