'இவண்' இல்லாத போஸ்டர்கள்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் நகர்வேனா என்று நின்றது. பக்கத்து பைக்கில் இருந்த பையன் போனை என் பக்கம் நீட்டினான். "இன்னாண்ணா, மெய்யாலுமே பூட்டாரா?"

ஒரு நடிகரின் கறுப்பு வெள்ளைப் படம். மேலே 'அதிர்ச்சியில் திரையுலகம்... கண்ணீரில் ரசிகர்கள்?' என்று சிவப்பு எழுத்து. கீழே 'முழு விவரம் கமெண்டில்'.

இறந்துவிட்டார் என்று அதில் எங்கேயும் எழுதியில்லை. அந்த வேலையைக் கறுப்பு வெள்ளை செய்துவிடுகிறது. நாளைக்கு யாராவது சட்டையைப் பிடித்தால் தப்பிக்கக் கேள்விக்குறி இருக்கிறது. கமெண்டில் இருந்தது வேறொரு தளத்தின் லிங்க். திறந்தால் விளம்பரத்துக்கு மேல் விளம்பரம்.

பக்கத்தின் பெயரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒரு ஃபேஸ்புக் பக்கம் எப்போது தொடங்கியது, முன்பு என்ன பெயரில் இருந்தது, நடத்துகிறவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அதன் விவரப் பகுதியிலேயே இருக்கும். எக்ஸ் தளத்திலும் 2025 நவம்பர் முதல் இதுபோன்ற விவரங்கள் தெரிகின்றன. அந்த நடிகரின் 'வெறியர்கள்' என்று பெயர் வைத்திருந்த இந்தப் பக்கம், பிறந்தபோது சமையல் குறிப்புப் பக்கம். பையன் முகம் சுருங்கிவிட்டது. "அப்போ இவன் நம்ம ஆளே இல்லியா?"

அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். 'இது உண்மையா' என்பதுகூட அதற்கு அப்புறம்தான்.

வடசென்னைக்கு ரசிகர் சண்டை புதிதா என்ன? தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டர் 1967-ல் திறந்து 2020-ல் மூடியது. அந்தக் காலமெல்லாம் இந்தப் பக்கத்துச் சுவர்களில் மிகைக்குக் குறைவே இருந்ததில்லை. எதிர்த்தரப்பு போஸ்டருக்குச் சாணியும் விழும். ஆனால் போஸ்டரின் அடியில் 'இவண்' என்று போட்டு மன்றத்தின் பெயர், தெருவின் பெயர், நிர்வாகிகளின் பாஸ்போர்ட் சைஸ் முகங்கள், மூலையில் பொடி எழுத்தில் அச்சகம். பொய் என்றால் அடுத்த தெருவுக்கு நடந்துபோய்க் கேட்டுவிடலாம்.

உணர்ச்சியைக் கூட்டுவதே குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். 1967 ஜனவரி 12-ல் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்துக் கட்டோடு அவர் இருக்கும் போஸ்டர் அடுத்து வந்த தேர்தலில் ஊரையே உருக்கியது. ஆனாலும் ஒட்டியது எந்தக் கட்சி, கேட்பது ஓட்டு என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். யார் பேசுகிறார், எதற்குப் பேசுகிறார் என்பதை மறைத்து நம் விரலை ஆட்டிவைப்பதுதான் சூழ்ச்சி.

2019 ஜூலை இறுதியில் நடந்ததை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. நல்லபடி உயிரோடிருந்த நடிகர் விஜய்க்கு இரங்கல் சொல்லும் ஹேஷ்டேக் ஒன்று இந்திய அளவில் ட்ரெண்ட் ஆனது. அஜித் ரசிகர்கள் என்று சொல்லிக்கொண்ட கணக்குகளின் வேலை. சென்னை குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்த வருஷம் அது. வறட்சி வாட்டும் நேரத்தில் நம் இளைஞர்கள் இதையா ட்ரெண்ட் செய்கிறார்கள் என்று கிரிக்கெட் வீரர் அஸ்வின் வருந்தி எழுதினார். அஜித்தோ 2011-லேயே தன் மன்றங்களைக் கலைத்துவிட்டவர். அவர் முகத்தை மாட்டிக்கொண்ட கணக்குகளைக் கேட்க ஒரு மன்றத் தலைவர்கூடக் கிடையாது.

ட்ரெண்டிங் என்பது ஊர் முழுக்க அதையே பேசுகிறது என்பதற்குச் சாட்சி அல்ல. மொத்தம் எத்தனை பேர் எழுதினார்கள் என்பதைவிட, கொஞ்ச நேரத்தில் ஒரு சொல் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதற்கே அங்கே மதிப்பு. அதனால்தான் 'மாலை 6 மணிக்கு டேக், அதுவரை யாரும் போடாதீர்கள்' என்று முன்னாடியே சொல்லி வைக்கிறார்கள். ஒரே வாக்கியம் அதே எழுத்துப்பிழையோடு பத்துக் கணக்குகளில் வந்தால், எழுதியது ஒரு கைதான்.

காசும் இருக்கிறது. எக்ஸ் தளம் 2023 ஜூலையில் பதிவர்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. 2024 அக்டோபரில், கட்டணம் கட்டிய பயனர்கள் காட்டும் ஈடுபாட்டை வைத்துக் கணக்கிடுவதாக முறையை மாற்றியது. லைக்கும் ஈடுபாடுதான், கொதித்துப்போய்த் திட்டி எழுதும் பதிலும் ஈடுபாடுதான்.

அடிபடுவது மனிதர்கள். 2020 ஜூனில் பாடகி எஸ்.ஜானகி காலமானதாக ஒரு புரளி. விசாரித்து வந்த போன்களைத் தாங்க முடியாமல், அவர் நன்றாக இருக்கிறார் என்று எஸ்.பி.பாலசுப்ரமணியம் வீடியோவில் வந்து சொல்ல வேண்டியிருந்தது. கவுண்டமணியை எத்தனை முறை இப்படிச் சாகடித்திருப்பார்கள்!

சரக்கு ரயில் ஒருவழியாக அசைந்தது. பையன் தலையைச் சொறிந்தான். "வூட்டு குரூப்புல போட்டுட்டேன்ணா." அதற்குள் அவன் அத்தை அழுகையும் பேச்சுமாக ஒரு வாய்ஸ் அனுப்பியிருந்தார். அவன் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். "அத்தே, அது பொய்யாம். நான்தான் பாக்காம அனுப்பிட்டேன்."