ஒரு சோறு பதம் போதுமா? – உணவுக் கிருமியைக் காட்டிக்கொடுக்கும் ஒளிப்புள்ளிகள்

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது நம் பழமொழி. வியாபாரத்திலும் அப்படித்தான். மூட்டையில் குத்தூசி விட்டு ஒரு பிடி எடுத்தால் அரிசியின் தரம் தெரிந்துவிடும். ஆனால் நோய்க்கிருமி விஷயத்தில் இது செல்லாது. ஏன் என்பதையும், விஞ்ஞானிகள் கண்டிருக்கும் புதுவழியையும் என் சிற்றறிவுக்கு எட்டிய வரை சொல்கிறேன்.

டோம்பிவிலியில் காலை ஆறு மணிக்கே டிபன் கட்டிவிடுகிறோம். தேங்காய்ச் சட்னி லோக்கல் ரயில் நெரிசலைத் தாண்டி மதியம்தான் திறக்கப்படுகிறது. ஈ.கோலை என்னும் பாக்டீரியா, சூடும் ஈரமும் வாய்த்தால் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டாகும். ஒன்றே ஒன்று விழுந்தாலும் 7 மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். கெட்டால் நாற்றம் வருமே என்பீர்கள். நாற்றத்தை உண்டாக்கும் கிருமிகள் பெரும்பாலும் வேறு. சால்மொனெல்லா, லிஸ்டீரியா போன்றவை இருக்கும் உணவில் வாடையோ நிறமோ மாறாமலே இருக்கலாம்.

ஆய்வுக்கூடத்தில் சால்மொனெல்லாவைத் தேட, 25 கிராம் உணவை ஊட்டக் கரைசலில் இட்டு, கிருமியை வளர்த்து, தட்டில் பரப்பிப் பார்க்கிறார்கள். முடிவு உறுதியாகச் சில நாட்கள் ஆகும். அதற்குள் பாலும் பன்னீரும் விற்றுத் தீர்ந்து, நம் பிள்ளைகள் சாப்பிட்டும் முடித்திருப்பார்கள்.

இங்கேதான் 'குவாண்டம் புள்ளி' வருகிறது. மீட்டரில் 100 கோடியில் ஒரு பங்கு நானோமீட்டர். சில நானோமீட்டரே உள்ள இத்துகள்கள் புறஊதா ஒளி பட்டால் பளிச்சென்று ஒளிரும். பொருள் ஒன்றுதான், துகள் சிறிதானால் நீலம், பெரிதானால் சிவப்பு. இதைக் கண்டு வளர்த்த எகிமோவ், புரூஸ், பவெண்டி மூவருக்கும் 2023-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

துகளுக்குக் கிருமியை அடையாளம் தெரியாது. ஆள்காட்டி ஒன்று வேண்டும். சிலர் எதிர்ப்பொருளை அப்படிப் பயன்படுத்துகிறார்கள். 2006-ல் சங்கர் ஆத்யா உள்ளிட்ட அமெரிக்க ஆய்வுக்குழு வேறு வழி பிடித்தது. பாக்டீரியாவைத் தின்னும் ஃபேஜ் என்ற வைரஸ், தனக்குரிய பாக்டீரியாவுக்குள் மட்டுமே புகுந்து பெருகும். பெருகும் ஒவ்வொரு ஃபேஜின் தலையிலும் ஒரு கொக்கி அமையும்படி செய்தார்கள். அதில் ஒளிப்புள்ளி போய் மாட்டிக்கொள்ளும். ஒரு மில்லிலிட்டரில் 10 ஈ.கோலை இருந்தாலே சுமார் ஒரு மணி நேரத்தில் தெரிந்தது. உயிருள்ள கிருமியில்தான் ஃபேஜ் பெருகும் என்பதால், காய்ச்சியதில் செத்த கிருமியைப் பார்த்து ஏமாறவும் வழியில்லை.

அப்படியானால் கடைக்குக் கடை வைத்துவிடலாமே? அவ்வளவு சுலபமில்லை. நம் மஞ்சள்தூளே புறஊதா ஒளியில் மினுங்கும்; சாம்பாரில் எது கிருமி, எது மஞ்சள்? பல ஒளிப்புள்ளிகளில் நச்சான காட்மியம் உண்டு. அதனால் 2004-ல் கண்டறியப்பட்ட கரிப்புள்ளிகளின் பக்கம் ஆய்வு திரும்பியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கிருமி எங்கும் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. ஒரு மூலையில் கூட்டமாக இருக்கும், மற்றதில் இராது. கருவி சோதிக்கும் துளியில் அது சிக்காவிட்டால் 'இல்லை' என்றுதான் காட்டும். சோறு ஒரே கொதியில் வேகிறது, அதனால் பழமொழி பலித்தது. கிருமி அப்படியல்ல. ஆகவே பல இடத்தில் மாதிரி எடுப்பதும், கிருமியைச் சில மணி நேரமாவது வளர்ப்பதும் இன்னும் தேவைப்படுகிறது.

அதுவரை வீட்டு ஒழுக்கமே காவல். எங்கள் சமண வீடுகளில் தண்ணீரைத் துணியில் வடிகட்டுவது வழக்கம். தனிப் பாக்டீரியா துணியில் நிற்காது, உண்மைதான். ஆனால் பழைய சேலையை மடித்துக் குளத்து நீர், ஆற்று நீரை வடித்த வங்கதேசக் கிராமங்களில் காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததாக 2003-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கிருமி ஒட்டியிருக்கும் நுண்ணிய மிதவை உயிர்கள் துணியில் தங்கிவிடுவதே காரணம்.

நாம் செய்ய வேண்டியது இதுதான். வடித்த சோறு மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். சோற்றில் வரும் ஒருவகைக் கிருமியின் விதை கொதியிலும் சாகாது, அது கக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஊருக்கு ரயில் ஏறும்போது தேங்காய்ச் சட்னியை விட்டுப் புளியோதரை கட்டுங்கள். புளிப்பில் கிருமி எளிதில் பெருகாது. பாலைப் பொங்கக் காய்ச்சுங்கள். கருவி வந்த பிறகும் இவற்றைக் கைவிட வேண்டாம்.