டயாலிசிஸுக்கு முன்னால் வரும் பயம்

"தம்பி, மெஷின்ல படுத்தா மாரடைப்பு வந்துடுமாமே?" பசியாவரத்து அக்காவுக்கு அடுத்த வாரம் முதல் டயாலிசிஸ். டீயை ஆற்றியபடி கேட்டார்.

வரும் என்று பயப்பட வேண்டாம் அக்கா. ஆனால் அந்தப் பயத்தையே லேசாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. பெரும் பயமோ துக்கமோ தாக்கினால் அட்ரினலின் பாய்ந்து இதயத்தின் நுனிப்பக்கம் சுருங்காமல் உப்பிவிடுவதுண்டு. 1990-இல் ஜப்பான் மருத்துவர்கள் இதைப் பதிவு செய்தார்கள். பேய்க்கணவாய் பிடிக்க அவர்கள் கடலில் இறக்கும் பானையின் வடிவில் இதயம் தெரிந்ததால், பெயரும் தகோட்சுபோ. மாதவிடாய் நின்ற பெண்களுக்கே அதிகம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், இசிஜி எல்லாம் மாரடைப்பு போலவே இருக்கும். ஆஞ்சியோவில் அதற்கேற்ற அடைப்பு இருக்காது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். ஆனாலும் முதல் சில நாள் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பு கட்டாயம்.

டயாலிசிஸ் தொடங்குபவர்களுக்கு இது அபூர்வம்தான். அடிக்கடி நடப்பது வேறு. சிறுநீரகம் வெளியேற்றாத உப்பும் நீரும் உடம்பில் தேங்கி பிரஷர் ஏறுகிறது. வருஷக்கணக்கில் அதை எதிர்த்துத் துடித்து இதயச் சுவர் தடித்துப்போகிறது. அப்படிப்பட்ட இதயம், நாலு மணி நேரத்தில் மெஷின் லிட்டர் கணக்கில் நீரை இழுத்தால் தாங்காமல் போகலாம். பிரஷர் சட்டென்று இறங்கி, இதயத் தசைக்குப் போகும் ரத்தமும் குறைகிறது. அதனால் இரண்டு டயாலிசிஸுக்கு இடையில் நீர் தேங்கி எடை எவ்வளவு குறைவாக ஏறுகிறதோ அவ்வளவு நல்லது. கையிலிருக்கும் இந்த டீயும் தண்ணீர்க் கணக்கில் சேரும். கருவாட்டுக் குழம்பை விடுவது நம் ஊரில் கஷ்டம்தான், ஆனால் அந்த உப்புதான் தாகத்தைக் கிளப்பும்.

படுத்திருக்கும்போது நெஞ்சு அடைத்தாலோ, வியர்த்துக் கண் இருட்டினாலோ சிஸ்டரை உடனே கூப்பிடுங்கள். 'பயத்துல அப்படித்தான் இருக்கும்' என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். இதயப் பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின், சிறுநீரக நோயாளிகளின் ரத்தத்தில் சும்மாவே கூடியிருக்கலாம். அதனால் ஒரே பரிசோதனையோடு விடாமல் திரும்ப எடுப்பார்கள், எக்கோவும் பார்ப்பார்கள். முதல் நாள் மகளைக் கூட்டிப்போங்கள். ஊசி எங்கே, எவ்வளவு நேரம் என்று முன்னாலேயே கேளுங்கள். பயந்து ஒரு முறையைத் தவறவிட்டால் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பே தாறுமாறாகலாம்.

ராத்திரி மூச்சு வாங்கினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தண்ணீர் சூழ்ந்த ஊர் இது. படகோ வண்டியோ, யார் எடுப்பது, 108 எங்கே வந்து நிற்கும் என்று இன்றைக்கே பேசி வையுங்கள்.